ஏழா, ஆறா? அல்சூர் மாடியில் உயிர்த்தகவலியல்

ஒரு புரதத்தில் மாற்றம் நடந்த இடம் புத்தகத்தில் ஆறு என்று போட்டிருந்தது. அவள் எண்ணியதில் ஏழு வந்தது. பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு மூன்று முறை எண்ணிவிட்டு, "அக்கா, புக்ல தப்பாப் போட்டிருக்காங்க" என்றாள் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண். பக்கத்தில் இருந்தவன் தன் தாளை எண்ணினான். அவனுக்கும் ஏழு. ஐந்து நிமிடத்தில் அறை முழுக்கப் புத்தகத்துக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு நடந்து போகும் தூரத்தில், ஜோகுபாளையத்து வீடு ஒன்றின் மாடியில் தகரக் கூரை போட்ட அறை அது. சனிக்கிழமை மாலைகளில் அங்கே உயிர்த்தகவலியல், அதாவது மரபணு, புரத வரிசைகளைக் கணினியால் அலசுவது, சொல்லித் தருகிறேன். இது நான்காவது வருடம். வார நாட்களில் எனக்கு மரபணுத் தரவுகளை அலசும் வேலை. வருகிற பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து இரண்டாம் பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு) வரை. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். தமிழ் சரளமாகப் பேசுவார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. நான் கரும்பலகையில் தமிழில் எழுதினால் ஒருவர் படிக்க, மற்றவர் கேட்டுக்கொள்வார்கள்.

முதல் வருடம் நான் செய்தது தவறு. அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு என்ன சொல்லித் தருவோமோ அதையே கொஞ்சம் சுருக்கிக் கொண்டுபோனேன். லினக்ஸ் நிறுவுவது, கட்டளை வரி, கோப்பு வகைகள். முதல் நாள் 23 பேர் வந்தார்கள். மடிக்கணினி இருந்தது ஆறு பேரிடம். நான்காவது வாரம் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேருக்கும் கட்டளைகள் மனப்பாடமாகிவிட்டன. எதற்காக அவற்றைத் தட்டுகிறோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பையன் கேட்டான்: "அக்கா, இது பயாலஜியா, கம்ப்யூட்டரா?" நியாயமான கேள்வி. நான் கருவியைக் காட்டினேன், கேள்வியைக் காட்டவில்லை.

அடுத்த வருடம் கணினியை முதல் ஐந்து வாரம் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. ஒரு நீளத் துண்டுத் தாள், நாலு நிறப் பென்சில், மூன்றெழுத்துக் கோடான் ஒவ்வொன்றும் எந்த அமினோ அமிலம் என்று காட்டும் அட்டவணை. தாளில் ஏ, டி, ஜி, சி என்று 60 டிஎன்ஏ எழுத்து. மனித ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணுவின் தொடக்கம்: ஏடிஜி, ஜிடிஜி, சிஏடி, சிடிஜி, ஏசிடி, சிசிடி, ஜிஏஜி என்று போகும். மூன்று மூன்றாகப் பிரித்து, அட்டவணையைப் பார்த்து, புரதத்தைக் கட்டும் அமினோ அமிலத்தின் பெயரைக் கீழே எழுத வேண்டும். மெத்தியோனின், வாலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளூட்டாமிக் அமிலம். இருபது கோடானை முடிக்க அரை மணி நேரம் ஆகும். கை வலிக்கும். வலிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். மனித மரபணுத்தொகையில் சுமார் 300 கோடி எழுத்து என்பதை அதற்குப் பிறகு சொன்னால்தான் அந்த எண் உடம்பில் இறங்கும். "அப்ப இத மெஷின்தான் பண்ணணும்" என்று அவர்களே சொல்வார்கள். கணினி பாடத்திட்டத்தால் வராமல், அவர்கள் கேட்டு வர வேண்டும்.

பிறகு இரண்டாவது தாள். அதில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும்: ஜிஏஜி இருந்த இடத்தில் ஜிடிஜி. குளூட்டாமிக் அமிலம் போய் வாலின் வந்துவிடும். அரிவாள் செல் சோகைக்குக் காரணம் அந்த ஓர் எழுத்து. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளக் கம்பிகளாகி, சிவப்பணுவை வளைத்துவிடும். இது ஆப்பிரிக்காவின் நோய் என்றே பல பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இது இருப்பதை 1952இலேயே லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்கள். 2047க்குள் இந்நோயை ஒழிக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் தேசிய இயக்கமே தொடங்கியிருக்கிறது. ஊட்டிக்குச் சுற்றுலா போய் வந்த பிள்ளைகள் இதைக் கேட்டதும் சற்று அமைதியாகிவிடுவார்கள்.

அந்த மாற்றம் இருக்கும் இடம்தான் அன்றைய சண்டை. தாளில் எண்ணினால் ஏழாவது. புத்தகத்தில் ஆறாவது.

நான் உடனே பதில் சொல்லவில்லை. நாலு வருடத்தில் கற்றுக்கொண்டதில் எனக்கு மிகவும் பயன்பட்டது இந்தப் பொறுமைதான். "புத்தகமும் தப்பில்ல, நீங்களும் தப்பில்ல. எப்படி?" என்று கேட்டுவிட்டு டீ வாங்கி வரப் போய்விட்டேன். திரும்பி வரும்போது ஒருத்தி கண்டுபிடித்திருந்தாள்: "முதல் ஒண்ணு எண்ண மாட்டாங்களோ?" அதேதான். செல் எந்தப் புரதத்தையும் மெத்தியோனினில் தொடங்கித்தான் கட்டும்; ஹீமோகுளோபினில் அந்த முதல் மெத்தியோனின் பிறகு வெட்டப்பட்டுவிடும். மரபணுவிலிருந்து எண்ணினால் 147 அமினோ அமிலம், இரத்தத்தில் ஓடும் புரதத்தில் 146. வெர்னான் இங்கிராம் 1957இல் இந்த மாற்றம் இன்னதென்று சொன்னபோது அவர் கையில் இருந்தது இரத்தத்திலிருந்து எடுத்த புரதம். மரபணுவை எழுத்து எழுத்தாக வாசிக்கும் வழி அன்று கிடையாது. அதனால் பழைய நூல்களில் ஆறு, இன்றைய மரபணு அறிக்கைகளில் ஏழு.

கதை இதோடு முடியவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பைத்தான் என்ற நிரல்மொழியைத் தொடங்கினோம். ஓர் அமினோ அமிலத்துக்கு ஓர் எழுத்தாக, மெத்தியோனினோடு சேர்த்து 20 எழுத்தையும் ஒரு சரமாகத் தட்டி, மாற்றம் எந்த இடத்தில் என்று கேட்டார்கள். கணினி 6 என்றது. "பாருங்க, கம்ப்யூட்டரும் ஆறுன்னுதான் சொல்லுது, புக் கரெக்ட்" என்று ஒருவன் கத்தினான். பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணும். மெத்தியோனின் பூஜ்யம், வாலின் ஒன்று. ஏழாவது எழுத்துக்கு எண் 6. புத்தகத்தின் ஆறும் கணினியின் ஆறும் வெவ்வேறு காரணத்தால் வந்த ஆறுகள். தற்செயலாக ஒத்துப்போயின. மெத்தியோனினை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். 5 வந்தது. அவன் முகம் போன போக்கை மறக்க முடியாது. என் வேலையில் நான் பார்த்த பெரிய பிழைகள் எல்லாம் இந்த வகைதான்: விடை எதிர்பார்த்தபடி வந்துவிடும், ஆகவே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதைப் பதினான்கு வயதில் ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்ப்பது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். இப்போது ஒவ்வொரு வருடமும் இந்தச் சண்டையை வேண்டுமென்றே மூட்டிவிடுகிறேன். சொல்லித் தருகிறவர்களுக்கு என் முதல் யோசனையும் இதுதான். உங்கள் பாடத்தில் எங்கே எண்ணிக்கை முரண்படும் என்று தேடி வையுங்கள். அதை வழித்துச் சுத்தம் செய்துவிடாதீர்கள்.

பைத்தானில் இன்னொரு நல்ல பள்ளமும் உண்டு. டிஎன்ஏவின் எதிரிழையை எழுதச் சொன்னால் பிள்ளைகள் நாலு வரி எழுதுவார்கள்: ஏவை டி ஆக்கு, டியை ஏ ஆக்கு, ஜியை சி ஆக்கு, சியை ஜி ஆக்கு. பார்க்கச் சரியாக இருக்கும். ஓட்டினால் விடையில் ஏயும் ஜியும் மட்டும் இருக்கும். முதல் வரி ஏக்களை டி ஆக்கிவிடும், இரண்டாவது வரி அவற்றையும் சேர்த்து ஏ ஆக்கிவிடும். இதைக் கரும்பலகையில் விளக்குவதைவிட, நாலு பிள்ளைகளுக்கு அட்டையில் எழுத்து எழுதிக் கொடுத்து வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொரு கட்டளைக்கும் அட்டையை மாற்றச் சொன்னால் மூன்றாவது கட்டளைக்குள் அவர்களே சிரித்துவிடுவார்கள். மாற்றியதைச் சிறிய எழுத்தில் எழுதி, கடைசியில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கலாம் என்ற வழியை ஒரு பத்தாம் வகுப்புப் பையன் சொந்தமாகவே கண்டுபிடித்தான்.

இரண்டு வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்துவதுதான் இந்தத் துறையின் உயிர்நாடி. அலைன்மென்ட் என்று சொல்லிவிட்டு அம்புக்குறிகள் போட்ட அட்டவணையைக் காட்டியபோது யாருக்கும் பிடிபடவில்லை. அப்புறம்தான் எதிரில் இருந்தது கண்ணில் பட்டது. என் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பெங்களூர்ப் பிள்ளைகள். தமிழும் கன்னடமும் நாக்கில் புரளும்.

பால் என்று எழுதி அதன் கீழே ஹாலு என்று எழுதினேன். புலி, ஹுலி. பூ, ஹூ. பல், ஹல்லு. "என்ன மாறுது?" முதல் வார்த்தையிலேயே கை தூக்கிவிட்டார்கள். அடுத்து விரல், பெரளு. வேர், பேரு. வா, பா. இங்கே வகரம் பஸ்ஸில் வரும் பகரமாகிறது. எந்த மாற்றம் அடிக்கடி நடக்கிறதோ அதற்குத் தண்டம் குறைவு. எப்போதாவது நடப்பதற்குத் தண்டம் அதிகம். கடைசியில் ஓர் உகரம் கூடியிருந்தால் மேல் வரியில் ஒரு சின்னக் கோடு போட்டு இடம் விடு. இதுதான் அலைன்மென்ட். பிறகு பஸ் என்று எழுதி, கீழேயும் பஸ்ஸு என்று எழுதினேன். "இது ரொம்ப ஒத்துப்போகுதே, இதுவும் சொந்தமா?" என்று கேட்டேன். இல்லை, ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல இருந்து வாங்கினது என்றார்கள். ஒத்திருப்பதெல்லாம் உறவு ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

அதன் பிறகு புரதங்களுக்கான மதிப்பெண் அட்டவணையைக் கையில் கொடுத்தால் பயப்படவில்லை. ஹெனிகாஃப் தம்பதி 1992இல் வெளியிட்ட பிளோசம் 62 அட்டவணை அது. ஐசோலியூசின் வாலினாக மாறினால் 3 மதிப்பெண். குளூட்டாமிக் அமிலம் அஸ்பார்ட்டிக் அமிலமானால் 2. குளூட்டாமிக் அமிலம் வாலினானால் கழித்தல் 2. "அதான் அக்கா அரிவாள் செல்!" என்று ஒருத்தி துள்ளினாள். அங்கே கொஞ்சம் கடிவாளம் போட வேண்டியிருந்தது. மின்னேற்றம் உள்ளது போய், தண்ணீரை விரும்பாதது வந்திருக்கிறது, அதனால் மதிப்பெண் குறைவு என்பது சரி. மதிப்பெண் குறைந்தாலே நோய் என்பது சரியில்லை. இந்த வேறுபாட்டை அன்றே சொல்லிவிடுவது நல்லது.

ஹீமோகுளோபின் பீட்டாவை வைத்தே உறவுமரமும் போடலாம். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் அமினோ அமிலத்தில் ஒரு வேறுபாடும் இல்லை. கொரில்லாவோடு 1. பாடநூல்களில் காணும் பழைய கணக்குப்படி ரீசஸ் குரங்கோடு 8, எலியோடு 27, கோழியோடு 45. எண்களை முன்கூட்டியே சொல்லாமல் வரிசைகளைக் கொடுத்து எண்ணச் சொல்ல வேண்டும். சிம்பன்சித் தாளை வாங்கியவன் நாலு முறை சரிபார்த்துவிட்டு, நான் தாளை மாற்றிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. கொடுத்த வரிசையைப் போன்றவற்றைத் தரவுத்தளத்தில் தேடித் தரும் பிளாஸ்ட் 1990இல் வந்தது. இன்றும் முதல் கதவு அதுதான். கைபேசி உலாவியிலும் ஓடும், ஆனால் ஒரே வைஃபையில் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் தேடினால் காத்திருந்தே வகுப்பு முடிந்துவிடும். தேடல் முடிவுகளை முன்கூட்டியே சேமித்துப் பென்டிரைவிலும், ஒரு பிரதி தாளிலும் கொண்டுபோங்கள். எங்கள் பகுதியில் மழைக் காலத்தில் மின்சாரத்தை நம்பி வகுப்பு வைக்க முடியாது.

பிளாஸ்டில் முதல் தேடலுக்கு அவரவர் பெயரையே தட்டச் சொல்வேன். ஆங்கில எழுத்து 26இல் ஆறு போக, இருபதுக்கு அமினோ அமிலம் உண்டு. பெயரில் பி, ஜே, ஓ, யூ, எக்ஸ், இசட் வந்தால் விட்டுவிடலாம். ஓர் எழுத்துக் குறியீட்டை உருவாக்கிய மார்கரெட் டேஹாஃப் 1965இலேயே அப்போது தெரிந்திருந்த புரத வரிசைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டவர் என்பதையும் அப்போது சொல்லிவிடுவேன். "என் பேரு ஒரு பாக்டீரியால இருக்கு!" என்று கூச்சல் எழும். அப்போதுதான் ஈ மதிப்பைப் பார்க்கச் சொல்வேன். இந்த அளவு பொருத்தம் தற்செயலாகவே எத்தனை கிடைக்கும் என்பதன் கணக்கு அது. சின்னப் பெயருக்கு அந்த எண் பெரிதாக இருக்கும். உடனே முழு ஹீமோகுளோபினையும் போட்டுத் தேடினால் கிட்டத்தட்ட பூஜ்யம். விளக்கமே தேவைப்படாது.

எக்செல் பற்றி ஒரு வார்த்தை. மார்ச்1, செப்ட்2 என்று மரபணுக்களுக்குப் பெயர் இருந்தது. எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றிவிடும். மரபணுப் பட்டியலை எக்செலில் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த வகைப் பிழை இருந்ததை 2016இல் கண்டார்கள். கடைசியில் 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். பிள்ளைகளிடம் பழைய பட்டியலைக் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை.

இனி எனக்கு வலிக்கிற பகுதி. இரண்டாவது வருடம், வீட்டில் யாருக்கெல்லாம் நாக்கைச் சுருட்ட வரும் என்று கேட்டு வம்சப்படம் வரைந்து வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். நானும் அப்படிப் படித்தவள்தான். அடுத்த வாரம் ஒரு பெண் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவள் அம்மாவைப் பார்க்கப் போனேன். அப்பாவின் கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்து உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அவள் பாட்டி என்னிடம், "வேற எதையாவது வெச்சுச் சொல்லித் தரக் கூடாதாம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அதோடு அந்தப் பாடமே தவறு. நாக்கு சுருட்டுவது ஒற்றை மரபணுவின் வேலை என்று 1940இல் முன்வைத்த மரபியலாளர் ஸ்டர்டிவண்ட், இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு வந்த பின் 1965இல் தாமே அதை மறுத்து எழுதிவிட்டார். அப்பா மாதிரி நாக்கு சுருட்ட வராத பிள்ளையை வீணாகச் சந்தேகத்தில் தள்ளும் பாடம் அது.

அன்றிலிருந்து ஒரு விதி. பிள்ளைகளின் எச்சில், இரத்தம், குடும்பம், நோய், நிறம் எதுவும் என் வகுப்பின் தரவு ஆகாது. பொதுத் தரவுத்தளத்தில் வேண்டிய மட்டும் இருக்கிறது. அந்தப் பெண் மூன்றாவது வாரம் திரும்பி வந்தாள். நான் எல்லோர் முன்னாலும் அந்த வீட்டுப்பாடத்தைத் தவறு என்று சொல்லி விலக்கிக்கொண்டேன்.

நான் கிளப்பாமலே வரும் கேள்விகளும் உண்டு. "அக்கா, டிஎன்ஏல ஜாதி தெரியுமா?" ஒவ்வொரு வருடமும் ஒருவராவது கேட்பார்கள். பெரும்பாலும் கொஞ்சம் தாழ்ந்த குரலில். இதை ஒதுக்கிவிட்டுப் பாடத்துக்குப் போகக் கூடாது. நான் சொல்வது இதுதான்: உயர்வு தாழ்வுக்கு மரபணு கிடையாது. இந்தியாவின் ஏறக்குறைய எல்லாக் கூட்டத்தாரும் சுமார் 4,200 ஆண்டுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுக்கு முன்பு வரை நடந்த பெரும் கலப்பிலிருந்து வந்தவர்கள் என்பதை ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டும் சேர்ந்த குழு 2013இல் காட்டியது. அதற்குப் பிறகுதான் உள்ளுக்குள்ளேயே மணம் செய்யும் வழக்கம் இறுகியது. அந்த இறுக்கம் மரபணுவில் தடம் விட்டிருக்கிறது: ஒரே பழுது அம்மா, அப்பா இரண்டு பக்கமும் சேர்ந்து, சில பிள்ளைகளுக்கு நோயாக வருகிறது. ஆக, டிஎன்ஏவில் தெரிவது நாம் கலந்திருந்த கதையும், பிறகு கதவைச் சாத்திக்கொண்ட கதையும். இதைச் சொல்லி முடித்ததும் அந்தப் பையன் நோட்டில் 4,200, 1,900 என்று எழுதி வட்டமிட்டுக்கொண்டான்.

புரதத்தின் வடிவத்துக்கு ஒரே ஒரு வகுப்புதான் ஒதுக்குகிறேன். அதற்கு மேல் நேரமில்லை. இரண்டு பேரைக் கைகோத்து நிற்க வைத்து முழங்கையையும் மணிக்கட்டையும் திருப்பச் சொன்னால், சில கோணங்களில் இடித்துக்கொள்வார்கள். எந்தக் கோணங்களில் அணுக்கள் இடிக்காது என்று 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் போட்ட படத்தை உலகமெங்கும் இன்றும் புரத வடிவங்களைச் சரிபார்க்கப் பயன்படுத்துகிறார்கள். ராமச்சந்திரன் பிறகு இதே பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்தில் துறை அமைத்தார் என்றால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். மெஜஸ்டிக்கிலிருந்து யஷ்வந்த்பூர் போகும்போது பார்க்கிற மரங்கள் நிறைந்த வளாகம்தானே என்று ஒருத்தி கேட்டாள்.

இந்த வருடம் சேர்ந்த ஒன்பதாம் வகுப்புப் பெண், பால் ஹாலு பாடம் முடிந்த மறு வாரம் ஒரு தாளோடு வந்தாள். "எது பழசு அக்கா? ப வா, ஹ வா?" என்று வகுப்பில் அவள் கேட்டிருந்தாள். இரண்டு வரிசை மட்டும் இருந்தால் யார் மாறினார்கள் என்று சொல்ல முடியாது, மூன்றாவது ஒன்று வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தேன். பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டியிடம் கேட்டு ஒரு வரிசை எழுதியிருந்தாள்: பாலு, புலி. அப்பா தினமும் காபி குடிக்கும் ஹோட்டல்காரர் உடுப்பிப் பக்கத்துத் துளுக்காரர். அவரிடம் கேட்டு இன்னொரு வரிசை. புலிக்குத் துளுவில் பிலி. "நாலுல மூணு ப. கன்னடம்தான் மாறியிருக்கு" என்று கீழே கோடிட்டிருந்தாள். பழங்கன்னடத்திலும் பகரம்தான் இருந்தது என்று நான் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினாள், ஏற்கெனவே தெரிந்தது போல. பாலுக்குத் துளுவில் பேர் என்று அவர் சொல்லியிருக்கிறார். ப பொருந்தியது. மீதி இரண்டு கட்டங்களில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள்.